ஃபாதரா, பாஸ்டரா, ஐயரா? பெங்களூரு தமிழ்க் கிறிஸ்தவர்கள் குருக்களை அழைக்கும் முறை

விவேக்நகர் பக்கத்துக் கத்தோலிக்கப் பையன், காக்ஸ் டவுன் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பெண். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. பெண் வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் "ஆயர் அவர்கள் ஆசி வழங்குவார்" என்று இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. "பிஷப்பே வர்றாரா? நம்ம பக்கம் பங்குச் சாமி மட்டும்தானே வர்றாரு!"

பிஷப் வரவில்லை. கத்தோலிக்கத் தமிழில் ஆயர் என்றால் பிஷப், அதாவது பல கோயில்களுக்கும் குருக்களுக்கும் தலைவர். சி.எஸ்.ஐ. தமிழில் ஆயர் என்றால் ஒரு சபையை நடத்துகிற குருவானவர், அதாவது பாஸ்டர். அடுத்த படியிலும் இதே சிக்கல்தான். கத்தோலிக்கருக்குப் பேராயர் என்பவர் ஆர்ச்பிஷப், சி.எஸ்.ஐ.க்காரருக்குப் பேராயர் என்பவர் பிஷப். சி.எஸ்.ஐ.யில் ஆர்ச்பிஷப் என்ற பதவியே கிடையாது. அதன் தலைவர் மாடரேட்டர்; தமிழில் பிரதமப் பேராயர்.

ஆக, ஒருவரை எப்படி அழைப்பது என்று கேட்பவர் முதலில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் எந்தத் திருச்சபை? நீங்கள் வாயால் கூப்பிடப் போகிறீர்களா, தாளில் எழுதப் போகிறீர்களா? அவருடைய வயது, படிப்பு, பதவி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வாய்க்கு ஒன்று, தாளுக்கு ஒன்று

அமைச்சரை நேரில் பார்த்தால் "வாங்க மாண்புமிகு" என்று யாரும் சொல்வதில்லை. மாண்புமிகு என்பது பெயருக்கு முன்னால் எழுதும் அடைமொழி, விளிச்சொல் அல்ல. அருட்தந்தை, அருட்திரு, அருட்பணி, மேதகு எல்லாம் அந்த வகைதான். ஆங்கிலத்தில் ரெவரெண்ட் என்பதும் அப்படியே. "குட் மார்னிங் ரெவரெண்ட்" என்று பள்ளி விழாக்களில் சிலர் மைக்கில் சொல்வதுண்டு. கேட்கிறவர் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார், ஆனாலும் அது பிழைதான்.

மறுபக்கம், வாயில் புழங்கும் ஃபாதர், சாமி, ஐயா போன்றவை உறை மேல் எழுதுவதற்கு உரியவை அல்ல. இரண்டையும் கலந்து "அருட்தந்தை ஃபாதர்" என்று எழுதினால் தந்தை இரண்டு முறை வந்துவிடும். நோட்டீஸ்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறு இது.

கத்தோலிக்கக் கோயிலில்

குருவை நேரில் அழைக்க "ஃபாதர்" போதும். பெங்களூரில் தமிழ், கன்னடம், கொங்கணி, மலையாளம் என்று எந்த மொழிப் பூசைக்குப் போனாலும் செல்லுபடியாகும் ஒரே சொல் இதுதான். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் "சாமி" என்பார்கள். அதில் மரியாதையும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. அவர்களைத் திருத்தத் தேவையில்லை. கன்னடக் கத்தோலிக்கரும் "சுவாமி" என்று சொல்வதால் இந்த ஊரில் அது அந்நியமாகவும் ஒலிக்காது. வணக்கத்துக்கு, பழைய தலைமுறை "தோத்திரம் சாமி" என்னும்; இன்றைய வழக்கு "இயேசுவுக்கே புகழ்" என்பது. பதில் "மரியே வாழ்க" என்று வரும்.

பெயரோடு சேர்த்துச் சொல்லும்போது கவனம் தேவை. தமிழ்க் குருக்களுக்குத் தலைப்பெழுத்து தந்தையின் பெயர். பின்னால் இருப்பதுதான் சொந்தப் பெயர். பாஸ்போர்ட்டிலும் அலுவலகப் படிவங்களிலும் தலைப்பெழுத்தை விரித்து எழுதும்போது தந்தை பெயர் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஞானப்பிரகாசத்தின் மகன் அந்தோணி, "அந்தோணி ஞானப்பிரகாசம்" ஆகிவிடுவார். அவரை "ஃபாதர் ஞானப்பிரகாசம்" என்று அழைத்தால், அவருடைய அப்பாவைக் குருவாக்கியிருக்கிறீர்கள். மங்களூர்க் குருக்களுக்கு இது பொருந்தாது. டிசோசா, பின்டோ எல்லாம் குடும்பப் பெயர்கள். "ஃபாதர் டிசோசா" என்று சொல்வதில் தவறில்லை.

ஒரே பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், இரண்டு குருக்கள் இருந்தால் பேச்சில் பெரிய ஃபாதர், சின்ன ஃபாதர் என்று பிரிப்பது வழக்கம். வீட்டுக்குள் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அவர் முகத்துக்கு நேரே "சின்ன ஃபாதர்" என்று கூப்பிடக் கூடாது. எழுத்தில் பெரியவர் பங்குத்தந்தை, இளையவர் உதவிப் பங்குத்தந்தை. மறைவட்ட முதல்வர், முதன்மைக் குரு, குருமட அதிபர் எல்லாம் பொறுப்புகள். நேரில் அவர்களும் ஃபாதர்தான். முனைவர் பட்டம் பெற்றவருக்கும் அதுவே; தாளில் மட்டும் "அருட்தந்தை முனைவர்" என்று அந்த வரிசையில் போடவேண்டும்.

மான்சிஞ்ஞோர் என்று ஒரு பட்டம் உண்டு. அது பதவி அல்ல, திருத்தந்தை (போப்) தரும் கௌரவம். 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதைச் சுருக்கி, மறைமாவட்டக் குருக்களில் (துறவற சபை சாராமல் ஒரு பிஷப்பின் ஆட்சிப் பகுதியில் பணியாற்றுபவர்கள்) 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார். அதனால் இளையவர்களிடம் இனி அதைப் பார்ப்பது அரிது. எழுத்தில் பேரருட்திரு, பேச்சில் மான்சிஞ்ஞோர் என்றும் சொல்லலாம், ஃபாதர் என்றாலும் குறைவில்லை.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள் அவர் சார்ந்த துறவற சபையைக் காட்டுபவை. எஸ்.ஜே. என்றால் இயேசு சபை (தமிழில் சே.ச. என்றும் எழுதுவர்), எஸ்.டி.பி. என்றால் சலேசியர், சி.எம்.ஐ. என்றால் தர்மாராம் கல்லூரியை நடத்துகிற சபை. படிப்புப் பட்டம் போல இவற்றைப் பேச்சில் சொல்வதில்லை. ஆனால் பத்திரிகையில் விட்டுவிட்டால் மனத்தாங்கல் வரும். சபை எழுத்து எதுவும் இல்லாதவர் பெரும்பாலும் மறைமாவட்டக் குருவாக இருப்பார்.

பிரதர் என்ற சொல்லில் வழுக்காமல் இருக்க

பெங்களூரில் குருமடங்களும் (குருக்களைப் பயிற்றுவிக்கும் இடங்கள்) துறவற இல்லங்களும் எக்கச்சக்கம். மல்லேஸ்வரத்தில் புனித பேதுரு குருமடம் ஒன்று போதும் உதாரணத்துக்கு. ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு அங்கிருந்து வரும் இளைஞர்கள் இன்னும் குருப்பட்டம் பெறாதவர்கள். அவர்கள் பிரதர். படிப்பின் கடைசிக் கட்டத்தில் திருத்தொண்டர் ஆனதும் "டீக்கன்" என்று அழைக்கலாம். பிறகு ஃபாதர்.

எல்லாப் பிரதரும் ஒருநாள் ஃபாதர் ஆகிறவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வாழ்நாள் முழுக்கத் துறவறச் சகோதரராகவே இருப்பதுதான் சிலருடைய அழைத்தல். பள்ளி நடத்துகிற சபைகள் சிலவற்றில் ஐம்பது, அறுபது வயதுப் பிரதர்களைப் பார்க்கலாம். அவர்களிடம் போய் "எப்போ பிரதர் ஃபாதர் ஆவீங்க?" என்று கேட்பது, நர்ஸைப் பார்த்து எப்போது டாக்டர் ஆவீர்கள் என்று கேட்பது போல. எழுத்தில் அவர்கள் அருட்சகோதரர்.

பெந்தேகோஸ்து சபைகளிலும் பிரதரன் சபைகளிலும் இதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே விசுவாசிகள் அனைவரும் பிரதர், சிஸ்டர். பிரதரன் சபையார் குருப் பட்டங்களையே ஏற்பதில்லை. நடத்துகிற மூப்பரும் பிரதர்தான். பெந்தேகோஸ்தில் ஊழியக்காரரைப் பாஸ்டர் என்று அழைப்பதே வழக்கம். வெறும் பிரதர் என்றால் சில சபைகளில் இறக்கிச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சபையார் சிலர் யாரையும் ஃபாதர் என்று அழைக்க மறுப்பார்கள். பூமியில் ஒருவரையும் பிதா என்று அழைக்காதீர்கள் என்று மத்தேயு 23:9-இல் வருகிறது. கத்தோலிக்கர் அதற்கு 1 கொரிந்தியர் 4:15-ஐக் காட்டுவார்கள். அங்கே பவுல் தன்னையே தகப்பன் என்கிறார். கலப்புக் குடும்பங்களில் விருந்துச் சாப்பாட்டின்போது இந்த விவாதத்தைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஃபாதர் என்று சொல்ல மனம் ஒப்பாதவர் "ஐயா" என்று அழைத்துவிடலாம். எந்தக் குருவும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

சிஸ்டரும் மதரும்

கன்னியரை நேரில் சிஸ்டர், எழுத்தில் அருட்சகோதரி. இல்லத் தலைவியை மதர் என்று அழைக்கும் பழக்கம் இன்னும் உண்டு. பல சபைகளில் அவரும் இப்போது சிஸ்டர்தான். எது என்று தெரியாவிட்டால் சிஸ்டர் என்றே சொல்லிவிடலாம். நல்லாயன் சபைக் கன்னியர் 1886-இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனை போன்ற இடங்களில் நர்ஸும் சிஸ்டர், கன்னியரும் சிஸ்டர். ஒரு சொல் இரண்டு வேலை பார்க்கிறது, யாருக்கும் கஷ்டமில்லை. கன்னியரே டாக்டராகவும் இருந்தால் "டாக்டர் சிஸ்டர்" என்று நோயாளிகள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

சி.எஸ்.ஐ. சபைகளில்

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவானது. ஆங்கிலிகன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டீரியன் மரபுகள் ஒன்றாகக் கலந்தன. ஒவ்வொன்றும் தன் சொல்லையும் கையோடு கொண்டுவந்தது. குருவானவர், ஆயர், பாஸ்டர், பிரஸ்பிட்டர், ஐயர் என்று ஒரே மனிதருக்கு ஐந்து பெயர்கள் புழங்குவதற்கு அதுதான் காரணம்.

நேரில் "ஐயா" அல்லது "பாஸ்டர்". திருநெல்வேலி, நாகர்கோவில் வேர் உள்ள குடும்பங்கள் "ஐயர்" என்பார்கள். இது சாதிப் பெயர் அல்ல. ஐயா என்பதன் மரியாதை வடிவம். மிஷனரிகள் காலத்திலிருந்து வருகிறது. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப்பைத் தமிழர்கள் போப்பையர் என்று அழைத்தது இந்த வழக்கில்தான். அவர் 1870-களில் பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக இருந்தவர் என்பதால் இந்த ஊருக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய உறவு உண்டு. இருந்தாலும் "இன்னைக்கு வீட்டுக்கு ஐயர் வர்றார், ஜெபம்" என்று அபார்ட்மெண்ட் லிஃப்டில் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் குழம்புவார். சபைக்கு வெளியே பாஸ்டர் என்பது வசதி.

ஐயரம்மா, பாஸ்டரம்மா என்பவர் காலங்காலமாகக் குருவானவரின் மனைவி. சபையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு, அந்தப் பெயரிலேயே அழைக்கலாம். ஆனால் சி.எஸ்.ஐ.யில் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013-இல் நந்தியால் திருமண்டலத்துக்கு (மறைமாவட்டத்துக்கு சி.எஸ்.ஐ. சொல்) எகோனி புஷ்பலலிதா பேராயராகப் பொறுப்பேற்றார். இங்கேதான் சறுக்கல். பெண் குருவானவரைப் பாஸ்டரம்மா என்று அழைத்தால், புதிதாகக் கேட்பவர் அவரை யாருடைய மனைவி என்று தேடுவார். அவரைப் பாஸ்டர் என்றோ ஆயர் என்றோ ஆண்களைப் போலவே அழையுங்கள். தனியாக "அம்மா" என்பதும் சரி. அவருடைய கணவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. அவர் வெறும் சார்தான்.

உதவிக்குரு என்பவர் டீக்கன் நிலையில் இருப்பவர். தோளில் போடும் பட்டைத் துணியான ஸ்டோலை ஒரு தோளிலிருந்து குறுக்காக அணிந்திருந்தால் டீக்கன். கழுத்தைச் சுற்றி இரு பக்கமும் நேராகத் தொங்கினால் முழுக் குரு. கத்தோலிக்கக் கோயிலிலும் இந்த அடையாளம் பொருந்தும். உபதேசியார் என்பவர் சபையில் போதிக்கும் ஊழியர், ஆனால் குருப்பட்டம் பெறாதவர். "உபதேசியார் ஐயா" என்று அழைப்பது முறை.

பிஷப் வந்தால்

பெங்களூரு கத்தோலிக்க மறைமாவட்டம் 1940-இல் ஏற்பட்டது. 1953-இல் உயர்மறைமாவட்டம் ஆனது. அன்றிலிருந்து இதன் தலைவர் பேராயர். அவரை ஆயர் என்று அச்சடிப்பது ஒரு படி இறக்குவது. அவருக்குத் துணையாக இருக்கும் பிஷப்பைத் துணை ஆயர் என்று எழுதவேண்டும். எழுத்தில் "மேதகு பேராயர்". மேடைத் தமிழில் "பேராயர் ஆண்டகை". ஆங்கிலத்தில் யுவர் கிரேஸ் என்பது பழைய முறை. நேரில் "பிஷப்" என்று அழைத்தாலே போதும். பழைய கல்வெட்டுகளில் மேற்றிராணியார், அதிமேற்றிராணியார் என்று கண்டால் பயப்படவேண்டாம். அவை ஆயருக்கும் பேராயருக்கும் முந்தைய பெயர்கள். ஓய்வு பெற்றாலும் பிஷப் பிஷப்தான், விளிச்சொல் மாறாது. கர்தினால் (போப்புக்கு அடுத்த நிலை) ஆகிவிட்டால் அந்தப் பெயர் முன்னே வரும். 1968 முதல் 1971 வரை இங்கே பேராயராக இருந்த தமிழர் சைமன் லூர்துசாமி 1985-இல் கர்தினால் ஆனார். அதற்குப் பிறகு அவர் கர்தினால் லூர்துசாமி.

சி.எஸ்.ஐ. பேராயருக்கு ஆங்கிலத்தில் ரைட் ரெவரெண்ட், மாடரேட்டருக்கு மட்டும் மோஸ்ட் ரெவரெண்ட். இந்தியக் கத்தோலிக்கத்தில் பிஷப்புகள் எல்லோருக்குமே மோஸ்ட் ரெவரெண்ட். இரண்டு பேரும் ஒரே மேடையில் இருக்கிற ஐக்கிய விழாக்களில், வெறுமனே "பேராயர்" என்று அறிவித்தால் இருவரும் எழுந்துவிடும் அபாயம் உண்டு. "பெங்களூரு உயர்மறைமாவட்டப் பேராயர்", "சி.எஸ்.ஐ. கர்நாடக மத்தியத் திருமண்டலப் பேராயர்" என்று திருச்சபையைச் சேர்த்துச் சொல்லுங்கள். மோதிரத்தை முத்தமிடுவது சில கத்தோலிக்கரின் வழக்கம், கட்டாயமில்லை. கும்பிட்டால் போதும்.

மலையாளிகள் வீட்டுக் கல்யாணத்தில்

குரு "அச்சன்", கூப்பிடும்போது "அச்சா". சீரோ மலபார் கத்தோலிக்க பிஷப் "பிதாவு". ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா சபைகளில் "திருமேனி". அவர்கள் பெயரோடு வரும் மார் என்பது சுரியானி மரியாதைச் சொல்லே தவிர, பெயரின் பகுதி அல்ல. மார்த்தோமா அச்சனின் மனைவி "கொச்சம்மா". தமிழன் ஃபாதர் என்று சொன்னால் அங்கே யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற தனிச் சபையில் மட்டும் ஃபாதரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. கேப்டன், மேஜர் என்று படைப் பதவிதான். கணவன் மனைவி இருவருமே அதிகாரிகள், இருவருக்கும் பதவிப் பெயர் சொல்லவேண்டும்.

சொந்தக்காரரே குருவானால்

அக்கா மகன் குருப்பட்டம் வாங்கி வருகிறான். வீட்டுக்குள் தம்பி, வாடா போடா எல்லாம் தொடரலாம், அதில் ஒன்றும் குறையில்லை. கோயில் வளாகத்தில், மற்றவர் முன்னால், "ஃபாதர், நீங்க" என்று மாறவேண்டும். எழுபது வயது அம்மாவே பெற்ற பிள்ளையை "சாமி" என்று கூப்பிடுவது நம் வீடுகளில் சாதாரணம்.

கடிதம் எழுதும்போது

கல்யாணத்துக்கு ஊர்க் கோயிலிலிருந்து ஞானஸ்நானச் சான்று, ஓலை வாசித்த கடிதம் (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசித்ததற்கான சான்று) எல்லாம் வரவழைக்கும்போதுதான் பெரும்பாலானவர்கள் முதல்முறையாக ஒரு குருவுக்கு எழுதுகிறார்கள். உறை மேல் ஆளின் பெயரைப் போடாமல் பொறுப்பைப் போடுங்கள்: "பங்குத்தந்தை அவர்கள்", அடுத்த வரியில் ஆலயத்தின் பெயர், ஊர், மாவட்டம், பின்கோடு. குருக்களுக்கு மாற்றல் உண்டு. பெயர் போட்ட கடிதம் பழையவருக்குத் தனிப்பட்டது என்று பிரிக்கப்படாமல் மேசையில் கிடக்கும், இல்லையேல் அவர் பின்னாலேயே அடுத்த ஊருக்குப் போகும். அதற்குள் முகூர்த்தம் வந்துவிடும். உள்ளே "அன்புள்ள தந்தைக்கு" என்று தொடங்கி "இறைவனில் தங்கள்" என்று முடித்தால் சரி. சி.எஸ்.ஐ. என்றால் உறையில் "குருவானவர் அவர்கள்", உள்ளே "கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு".

கத்தோலிக்கர் ஒருவர் சி.எஸ்.ஐ. பெண்ணை மணக்க ஆயர் தரப்பின் அனுமதி வேண்டும். அதற்காக நேரே பேராயருக்கு எழுதி அனுப்புவது வீண். மனு பங்குத்தந்தை வழியாகத்தான் போகும். "மேதகு பேராயர் அவர்கள்" என்று பெறுநரில் போட்டு, அதன் கீழே "வழி: பங்குத்தந்தை" என்று எழுதி, பங்கு அலுவலகத்தில் கொடுங்கள்.

எழுத்துப்பிழை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அருள் என்பதோடு பணி சேர்ந்தால் அருட்பணி, சகோதரி சேர்ந்தால் அருட்சகோதரி. அருட்பெருஞ்சோதி போல இவை இலக்கணப்படி சரி. தந்தை சேரும்போது கண்டிப்பான இலக்கணம் அருட்டந்தை என்று கேட்கும். யாரும் அப்படி எழுதுவதில்லை. அருட்தந்தை என்பது ஊன்றிவிட்டது. அது உறுத்தினால் அருள்தந்தை, அருள்திரு என்று பிரித்து எழுதலாம். ஒரே பத்திரிகையில் இரண்டு விதமாக வராமல் இருந்தால் சரி.

பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் இரண்டு அலுவலகங்களுக்கும் போன் செய்து மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: தலைப்பெழுத்தும் சொந்தப் பெயரும், சபை எழுத்து, கல்யாணத் தேதியிலும் அவர் அதே இடத்தில்தான் இருப்பாரா என்பது. மாற்றல்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி வருகின்றன. மே, ஜூன் கல்யாணம் என்றால் பெயரே போடாமல் "பங்குத்தந்தை, சி.எஸ்.ஐ. ஆயர் ஆகியோர் முன்னிலையில்" என்று அச்சிட்டுவிடுங்கள். ஆயருக்கு முன்னால் அந்த மூன்றெழுத்து இருந்தால், மாப்பிள்ளை வீட்டிலும் யாரும் பிஷப்புக்கு மாலை வாங்க ஓடமாட்டார்கள்.